சாலையில் ஓடும் பழைய அம்பாசிடருக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. தாத்தா வாங்கிய 1969-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் வண்டி, இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. என்ஜின் நீலப் புகை விடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. பிரித்துப் பார்த்த லேத் பட்டறைக்காரர், சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது, 40 ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்கிறார். எப்படியும் பிரித்தாகிவிட்டது, கொஞ்சம் வலுவாகவே கட்டிவிடலாம் என்று ஆசை. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே என்ஜின்தான் என்பதால், அதற்கான ரேஸ் கேம்ஷாஃப்ட், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், மூன்று குழாய் எக்ஸாஸ்ட், 9.5 கம்ப்ரஷன் பிஸ்டன் எல்லாவற்றையும் இங்கிலாந்துக் கடைகளில் பார்த்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். ஐசுசு 1800 என்ஜினையே மாற்றிவிடு என்று சொல்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். வண்டி காட்சிக்கு நிறுத்துவதற்கு அல்ல. வாரம் ஒருமுறை குடும்பத்தோடு குற்றாலமோ திருநெல்வேலியோ போக வேண்டும். அவ்வப்போது நாகர்கோவில், ஆரியங்காவு வழியாகப் புனலூர். எதை வாங்க, எதை விட?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது கடைசிப் பகுதிதான். பழைய காரைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பாகங்களின் பெயரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எந்தச் சாலையில், எத்தனை பேரோடு, என்ன வேகத்தில் ஓட்டப்போகிறார்கள் என்பதை நான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள். எனவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 40 ஓவர்சைஸ் பிஸ்டன், முறையாகக் கிரைண்டிங் செய்த கிராங்க், கம்பெனி அளவிலேயே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), 8-க்கும் 8.3-க்கும் இடையில் கம்ப்ரஷன், ஒற்றைக் கார்புரேட்டர், பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட், புதுக் கோர் போட்ட ரேடியேட்டர். உங்கள் பட்டியலில் இருக்கும் நான்கில் ஒன்றுகூட இதில் இல்லை. அந்த நான்கும் தரமான பொருள்கள்தான். ஆனால் வேறு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை.

அந்த வேறு வேலை என்ன என்பதை ஒரு கணக்குப் போட்டாலே புரியும். உங்கள் வண்டி டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றின் அக்கம்பக்கத்தில் ஓடும். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஊருக்கு ஊர் வேகத்தடையும் பஸ்ஸும் ஆட்டுமந்தையும் உள்ள சாலையில் 1500-லிருந்து 2500 சுற்றுக்குள்தான் முழுப் பயணமும். ஆரியங்காவு ஏற்றத்தில் ஐந்து பேரும் சாமான்களும் இருக்க, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் என்ஜின் 2500-ஐத் தாண்டுவது அரிது. ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அம்பாசிடரின் அகன்ற முகத்தில் நேராக மோதும். அங்கேயும் என்ஜினிடம் நாம் கேட்பது இதே நடுத்தரச் சுற்றில் இழுவைதான். எம்.ஜி.ஏ. 1500 தன் முழுத் திறனான 72 குதிரைத்திறனைத் தருவது 5500 சுற்றில். உங்கள் வண்டியின் டாப் கியரில் 5500 சுற்று என்றால் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தை உங்கள் டிரம் பிரேக்கால் நிறுத்த முடியாது, நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஸ்போர்ட்ஸ் கார் சுமார் 900 கிலோ. உங்கள் வண்டி காலியாகவே 1100 கிலோவுக்கு மேல். பிளாக் ஒன்றாக இருந்தாலும் அது செய்ய வேண்டிய வேலை வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த 1489 சிசி பி-சீரிஸ் என்ஜினின் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88.9 மி.மீ.; போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73.025 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக் என்ஜின் அடிச்சுற்றில் நன்றாக இழுக்கும், அதிகச் சுற்றை வெறுக்கும். பின்னாளில் 1964-இல், எம்.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்த எம்.ஜி.பி. காருக்கு இதே குடும்பத்து 1798 சிசி என்ஜினை ஐந்து மெயின் பேரிங்காக மாற்றினார்கள் என்பதிலிருந்தே மூன்று பேரிங்கின் எல்லையைப் புரிந்துகொள்ளலாம்.

இப்போது கேம்ஷாஃப்ட். எல்லாப் பாகங்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுவது இதுதான் என்பதால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் ஹெட்டைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கு உள்ளே போகும் வழி இரண்டுதான். 1-ம் 2-ம் ஒரு வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 3-ம் 4-ம் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஆகவே 3 காற்றை இழுத்து முடிக்கும் முன்பே, 180 பாகை தள்ளி, பக்கத்திலிருக்கும் 4 இழுக்கத் தொடங்கிவிடும். அதேபோல 2-க்குப் பின்னால் 1. இன்லெட் வால்வு 230 பாகை திறந்திருக்கும் கேம்ஷாஃப்டில் இந்த இரண்டும் 50 பாகைக்கு ஒரே வழியிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். 280 பாகை ரேஸ் கேம்ஷாஃப்டைப் போட்டால் அது 100 பாகையாகிவிடும். ஒரு சிலிண்டரின் பங்கை இன்னொன்று பறித்துக்கொள்ளும். அடிச்சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு விதமாக எரியும். அதோடு வால்வு தாமதமாக மூடுவதால், பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். வேகமான சுற்றில் காற்றின் ஓட்டமே அதைத் தடுத்துவிடும். 2000 சுற்றில் தடுக்காது. அதனால்தான் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட கார் ஐடிலில் குலுங்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், 4000-க்கு மேல்தான் விழிக்கும். உங்கள் குடும்பத்துக்கு அந்த 4000 வேண்டவே வேண்டாம்.

ஆகவே கேம்ஷாஃப்டை வாங்குவதற்கு முன்னால், இருப்பதைச் சோதியுங்கள். எட்டு லோபின், அதாவது வால்வைத் தூக்கும் மேடுகளின், உயரத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தாலோ, நுனியில் நகம் வைத்துத் தடவினால் சொரசொரப்பு பட்டாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும்போது லோபின்மேல் உட்காரும் டேப்பட்டையும் எட்டும் புதிதாக மாற்றுங்கள். பழைய டேப்பட்டின் அடி தன் பழைய லோபுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதைப் புதுக் கேம்ஷாஃப்டின் மேல் வைத்தால் அதை அரைத்தே தீர்த்துவிடும். டைமிங் செயினும் கூடவே புதிதாக இருக்கட்டும்.

கம்ப்ரஷனுக்கு, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதற்கு, வருகிறேன். இந்த என்ஜின் இரண்டு விதமாக வந்தது: 8.3 உயர் கம்ப்ரஷன், 7.2 தாழ்ந்த கம்ப்ரஷன். நம் நாட்டில் அந்தக் காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால் 7.2 தேவைப்பட்டது. இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 95 ஆக்டேன். எனவே 8.3 வரை தாராளமாக ஏற்றலாம். இது கம்பெனியே கொடுத்த அளவு, கிராங்குக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும் புதிதல்ல. அடிச்சுற்றிலேயே இழுவை கூடும், பெட்ரோலும் மிச்சமாகும். ரேஸ் கேம்ஷாஃப்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் நீங்கள் எதிர்பார்த்த பலன் உண்மையில் இங்கேதான் கிடைக்கும். 9.5 ஏன் கூடாது என்றால், இது வார்ப்பிரும்பு ஹெட். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மே மாதத்து வெயிலில் முழுச் சுமையோடு ஏற்றம் ஏறும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்தால் முதலில் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள சுவர்தான் உடையும். பின் இருக்கையில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் உங்கள் காதில் விழாமலேயே போகலாம்.

ஆனால் 8.3 என்று பட்டறைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. ‘ஹெட்டைக் கொஞ்சம் சீவிவிடுங்கள்’ என்பது இந்தத் தொழிலில் மிக ஆபத்தான வாக்கியம். அளந்து செய்ய வேண்டும், அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஹெட்டைத் தலைகீழாக மேசைமேல் மட்டம் பார்த்து வையுங்கள். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்கும் போட்டிருக்கட்டும். சேம்பரின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, நடுவில் சிறு ஓட்டை போட்ட கண்ணாடி அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து அந்த ஓட்டை வழியாக விடுங்கள். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறியதும் எத்தனை மில்லி போயிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கு சேம்பருக்கும் இப்படிச் செய்தால் நான்கு எண்கள் கிடைக்கும், பழைய ஹெட்டில் நான்கும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. பெரியதற்குச் சமமாக மற்ற மூன்றையும் கிரைண்டர் கல்லால் மெதுவாகத் திருத்த வேண்டும். அரை மில்லிக்குள் நான்கும் வந்தால் போதும். அதற்குப் பிறகுதான் ஹெட்டைச் சீவுவது.

கணக்கு இதுதான். 40 ஓவர்சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு, அதாவது போர் 74.04 மி.மீ. ஆகும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 383 சிசி. 8.3 கம்ப்ரஷன் வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மொத்தம் 52.5 சிசி இடம் இருக்க வேண்டும். இந்த 52.5-இல் ஹெட் சேம்பர், கேஸ்கட்டின் கனம், பிஸ்டன் தலையிலுள்ள குழி, பிளாக்கின் மேல்மட்டத்துக்குப் பிஸ்டன் எவ்வளவு தாழ நிற்கிறது என்பது எல்லாமே அடக்கம். 7.2 கம்ப்ரஷனில் இதே இடம் சுமார் 62 சிசி. நடுவிலிருப்பது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி அளவு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சீவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மொத்த என்ஜினும் இப்போது ஏறக்குறைய 1530 சிசி ஆகிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 3 சதவீதம்கூடக் கூடவில்லை. போர் போடுவது தேய்மானத்துக்கு மருந்து. அதில் பலம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேவைக்கு மேல் பெரிதாக்கினால் அடுத்த தலைமுறைக்குப் பிளாக்கில் சதை இருக்காது. 20 ஓவர்சைஸிலேயே சுத்தமாகிவிடுமா என்று பட்டறையில் ஒருமுறை கேளுங்கள். ஆறு இடத்தில் அளந்த எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: மேலே, நடுவே, கீழே, ஒவ்வொன்றிலும் நீளவாக்கில், குறுக்குவாக்கில். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலை விட்டு மேல்நோக்கி இழுத்தால் நகம் ஒரு படியில் தட்டும். ரிங் போகாத இடத்துக்கும் போய் வந்த இடத்துக்கும் நடுவிலுள்ள படி அது. அது ஆழமாக இருந்தால் பட்டறைக்காரர் சொல்வது சரி.

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே போர் போட வேண்டும். நம்மூரில் அடிக்கடி தலைகீழாக நடக்கிற விஷயம் இது. பெட்டியில் 40 என்று அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தச் சிலிண்டரை, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியோடு போட்டு, எண் குத்தி வைக்க வேண்டும். கடைசி ஹோனிங்கில் குறுக்கு மறுக்காகக் கோடு தெரிய வேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தால் ரிங் உட்காராது, எண்ணெய் குடிக்கும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள், 74 மி.மீ. போருக்குச் சுமார் 0.25 முதல் 0.30 மி.மீ. இருக்கட்டும். பிஸ்டனைக் கடல் கடந்து தருவிக்க வேண்டியதும் இல்லை. உங்களுக்குப் பக்கத்து ஊரான ஆழ்வார்குறிச்சிக்காரர் சிம்சன் அனந்தராமகிருஷ்ணன். அவருடைய அமால்கமேஷன்ஸ் குழுமம்தான் 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கியது. அம்பாசிடருக்கு அளவெடுத்துச் செய்த பிஸ்டன் நம் நாட்டிலேயே பிறந்தது. வாங்கும்போது பழைய இருப்பா, பெட்டி பிரிக்காததா என்று பார்த்து, கேஸ்டிங் எண்ணைச் சரிபாருங்கள்; பெயரை ஒட்டிப் போலிகள் வருகின்றன.

கிராங்கை ‘பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். வெடிப்புச் சோதனை செய்து, கிரைண்டிங் போட்டு, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வாங்க வேண்டும். கிரைண்டிங் முடிந்ததும் எண்ணெய்த் துவாரங்களின் வாயை உருட்டி, உள்ளே இருக்கும் சேற்றைக் கம்பி விட்டுக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டுச் சேறு உள்ளே இருந்தால் புதுப் பேரிங் முதல் மாதத்திலேயே போய்விடும். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடை போட்டுச் சமன் செய்வது கண்டிப்பாக வேண்டும். ரேஸ் கேம்ஷாஃப்டுக்கு ஒதுக்கிய தொகையில், கிராங்கையும் ஃபிளைவீலையும் கிளட்ச் தட்டோடு சேர்த்துக் கோயம்புத்தூரில் பேலன்சிங் செய்துவிட்டு வாருங்கள். மூன்று பேரிங் என்ஜினுக்கு நீங்கள் வாங்கித் தரக்கூடிய மிகப் பெரிய சொத்து அது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஸ்டியரிங் பிடித்தவருக்கும் அது முதல் நாளிலேயே தெரியும்.

ஹெட்டில் ஒரு வேலையைத் தவறவிடக்கூடாது. இந்த என்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. எரிந்த ஈயம் வால்வு சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, எக்ஸாஸ்ட் வால்வு இரும்பில் நேரடியாக அடிக்காமல் காத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். சீட் உள்ளே இறங்கிக்கொண்டே போகும், டேப்பட் இடைவெளி தானாகவே குறையும், ஒரு நாள் வால்வு மூடாமல் எரிந்துவிடும். நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடின உலோக சீட் வளையம் அழுத்தி, கைடும் மாற்றுங்கள். இன்லெட்டுக்கு அவசியமில்லை.

எத்தனாலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் முழுமையாக எரியக் கார்புரேட்டர் சுமார் 7 முதல் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய அமைப்பிலேயே ஓட்டினால் கலவை மெலிந்து, சூடாகி, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் தயங்கும். ஜெட் அல்லது நீடிலை ஒரு படி கனமாக மாற்றி, ஒரு நீண்ட ஏற்றம் ஏறி உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் கனம் தேவை, காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி. பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் ஊறவைத்துக் கரைக்கும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் எத்தனால் தாங்குவதாக இருக்கட்டும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரின் ஃபுளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, தண்ணீராக அடியில் தங்கி, துத்தநாக வார்ப்பை அரிக்கும்.

இரட்டைக் கார்புரேட்டர் பார்க்க அழகு. ஆனால் 3000 சுற்றுக்குள் ஓடும் என்ஜினுக்கு ஒற்றை எஸ்.யூ. தரும் காற்றே போதும். இரண்டை வைத்தால் அவ்வப்போது ஒன்றுக்கொன்று சமன் செய்து கொடுக்க ஆள் வேண்டும். அந்தக் கை தெரிந்தவர்கள் இப்போது நம் பகுதியில் குறைந்துவிட்டார்கள். உங்களிடம் இருக்கும் கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வழியாகக் காற்று கள்ளத்தனமாக உள்ளே போகிறது, எந்த ஜெட்டாலும் ஐடில் நிற்காது. புஷ் அடித்து, புது ஸ்பிண்டில் போட்டால் பாதிக் குறை தீரும். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுச் சல்லடை மட்டும் போட்ட வாயை வைக்க வேண்டாம். திசையன்விளை, உவரி பக்கத்துத் தேரி மணல் காற்றோடு வரும்போது, போரை இன்னொரு முறை தேய்க்க அதுவே போதும்.

மூன்று குழாய் எக்ஸாஸ்ட் இரண்டு காரணங்களால் வேண்டாம். ஒன்று, அடியில் தாழ்ந்து தொங்கி ஊர் வேகத்தடைகளில் உரசும். இரண்டாவது, மெல்லிய குழாய் பானெட்டுக்குள் சூட்டைக் கக்கி, கார்புரேட்டரிலும் பெட்ரோல் லைனிலும் பெட்ரோலை ஆவியாக்கிவிடும். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு டிரைவர்கள் காத்துக்கொண்டிருப்பதை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை வைத்துக்கொண்டு, அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு வெப்பத்தடுப்புத் தகடு வையுங்கள்.

இக்னிஷனில் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் மாட்யூல் தாராளமாகப் போடலாம். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று பேட்டரியில் பாருங்கள். மாற்றி இணைத்தால் மாட்யூல் அந்த நொடியே எரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸைத் துண்டிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். சாலையில் சீராக ஓடும்போது பெட்ரோலைக் காப்பாற்றுவது அதுதான். பழைய பாயிண்ட், கண்டன்சர் ஒரு செட்டை டேஷ்போர்டில் வைத்திருங்கள்.

கூலிங்கை நான் என்ஜினின் பாகமாகவே எண்ணுகிறேன். பிளாக் வெறுமையாக இருக்கும் இந்த நேரத்தில் பக்கவாட்டு டம்மி பிளக்குகளைத் தட்டி எடுத்து, தண்ணீர் ஓடும் பள்ளங்களைச் சுரண்டுங்கள். நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் துருவும் சேறும் கட்டியாக அடைத்திருக்கும். அதை எடுக்காமல் எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் கடைசிச் சிலிண்டர் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். வெயில் ஊர் என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வழக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயைக் கழுவிவிடும். போர் தேய்வது அப்படித்தான் தொடங்குகிறது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் தெர்மோஸ்டாட்டோடு மே மாதத்திலும் வண்டி சூடாகாது.

ஐசுசு என்ஜின் நல்ல என்ஜின்தான். 1992-இல் அம்பாசிடர் 1800-இல் ஐந்து கியரோடு கம்பெனியே கொடுத்தது. ஆனால் உங்கள் 1969 வண்டியின் பதிவுச் சான்றில் இருப்பது வேறு. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மேலும், 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு, என்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு மட்டுமே. அந்தப் பதிவில் சேர்ந்தால் அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. எனவே நீங்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். என்ஜின் எண் உள்ள பிளாக்கை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தேய்ந்து போனாலும் லைனர் அடித்து மீட்கலாம்.

கட்டி முடித்த பிறகு 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். புதுக் கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கேம்ஷாஃப்டும் தட்டை டேப்பட்டும் உரசும் இடத்துக்கு அது போதாது. புதுக் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். லோபின்மேல் எண்ணெய் தெறிப்பது அந்தச் சுற்றில்தான். எண்ணெய் அழுத்த மீட்டர் ஏறாவிட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, என்ஜின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை டார்க் ரென்ச்சால் வரிசைப்படி இறுக்கி, அதன் பிறகே டேப்பட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் டேப்பட் மறுபடி தவறிவிடும். முதல் 1000 கிலோமீட்டருக்கு மணிக்கு 60-ஐத் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம். ஆரியங்காவு ஏற்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சேம்பர் அளந்த நான்கு எண்களையும், பிஸ்டன் தலை பிளாக் மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ நிற்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால், ஹெட்டை எத்தனை மி.மீ. சீவ வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். அதுவரை ஹெட்டை மெஷினில் ஏற்ற வேண்டாம்.